நிறுவனருக்கு விழுந்த மாலை

உயிரோடு இருந்த சிவனணைந்த பெருமாளின் படத்துக்கு இணையதளத்தில் மாலை போட்டுவிட்டார்கள். அதுதான் தப்பு. மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள்.

கருஞ்செவல் என்கிற அந்த ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே, பாத்திரக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு காராச்சேவுக் கடை இருந்தது. முன்னால் கல்லாவில் பெருமாள் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார், பின்கட்டில் அடுப்பு முன்னால் அவர் சம்சாரம் நின்றிருப்பாள், அவள் கண்கரண்டியில் மாவைத் தேய்க்கத் தேய்க்க எண்ணெயில் சேவு மழையாய் விழும், அந்த வாசனை பஸ் ஜன்னலுக்குள் நுழைந்து ஆளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவரும். அவ்வளவுதான் வியாபாரம். பிறகு புறவழிச்சாலை வந்தது. வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே போயின. வாசனை தெருவிலேயே சுற்றிச் சுற்றி வந்து நாய்களை மட்டும் கூட்டிவந்தது.

மகன் இசக்கிராஜ் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவன். இனிமேல் காராச்சேவை இணையதளத்தில்தான் விற்க வேண்டும் என்றான். விற்றான். அதாவது, விற்கப் பார்த்தான். மருந்துக் கடை மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த ஜெபஸ்டின் என்பவன்தான் ஊரில் எல்லாக் கடைக்கும் இணையதளம் செய்து கொடுப்பவன். இவர்களுக்கும் ஒன்று செய்து கொடுத்தான். ஆட்கள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு நகருகிறவன் மாதிரி நகர்ந்தார்கள். ஒருவனும் வாங்கவில்லை.

இசக்கிராஜ் மாடி ஏறிச் சண்டைக்குப் போனான்.

ஜெபஸ்டின் கோபப்படவில்லை. "உக்காருடே. போன் நம்பரு மேலேயே இருக்கு. பக்கம் டக்குனு திறக்கு. சேவு படத்தைப் பாத்தா எனக்கே எச்சி ஊறுது. பெறகு ஏன் ஓடல?"

"அதைத்தானே கேக்கேன்."

"நம்பிக்கை இல்லடே. முகந்தெரியாதவன் எதைப் பாத்து வாங்குவான்? நீ ஒரு பெரிய கடைக்குப் போற. கல்லாவுக்கு மேல என்ன தொங்கும்?"

"நிறுவனர் படம்."

"எப்படித் தொங்கும்?"

"மாலையோட. சுத்தி சீரியல் லைட்டோட."

"மாலை இல்லாத நிறுவனரு நேத்துக் கடை போட்டவன். நாளைக்கு ஓடிருவான். மாலை போட்டவரு எங்கயும் ஓட மாட்டாரு. அதாண்டே நம்பிக்கை."

"எங்க அப்பா உயிரோட இருக்காவளே?"

"அது இங்க இருக்கவனுக்குத் தெரியும். சிங்கப்பூர்ல இருக்கவனுக்குத் தெரியுமா?"

இசக்கிராஜ் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான் என்று சொன்னால் அது பொய். அக்கா கல்யாணத்தில் எடுத்த படத்தில் அப்பாவை மட்டும் வெட்டி எடுத்தார்கள். சந்தன மாலை ஒன்றைப் படத்தின் மேல் ஏற்றினார்கள். நெற்றியில் ஒரு பொட்டு. ஓரமெல்லாம் மின்னி மின்னி அணையும் பல்பு. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. மறைவுக்கு மறுநாள் தேதியைப் போட்டார்கள், இணையதளத்துக்குப் புது முகம் திறக்கிற நாளும் அதுதான் என்பதால். அதற்கும் கீழே, "நிறுவனரின் கடைசி வார்த்தை: மகனே, கலப்படம் மட்டும் செய்துவிடாதே."

காலையில் பெருமாள் அண்ணாச்சி குழாயடியில் குனிந்து வாய் கொப்பளித்தபோது கழுத்திலிருந்து என்னவோ தொங்கி வாளித் தண்ணீரில் நனைந்தது. சந்தனச் சீவல் மாலை. நடுவில் ஜிகினாக் குஞ்சம். கழற்றப் பார்த்தார், தலையைத் தாண்டவில்லை. கத்தரியை எடுத்து வெட்டினார், வெட்டிய இடம் கத்தரி மூடுவதற்குள் ஒட்டிக்கொண்டது. ஏன் என்று கேட்கிறவர்கள் ஜெபஸ்டினிடம் போய்க் கேளுங்கள், அவனுக்கும் தெரியாது.

"ஏளா, இங்க வந்து பாரு," என்று கூப்பிட்டார்.

சம்சாரம் வந்து பார்த்தாள். மாவுக் கையோடு இடுப்பில் கைவைத்து நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு மாலை விழுந்துட்டு," என்றாள். பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

முதலில் பால்காரன் பார்த்தான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் குனிந்து நின்றுவிட்டு, அன்றைக்குப் பாலைக் குறைத்து ஊற்றிவிட்டுப் போனான், ஒரு ஆள் குறைந்துவிட்டாரே. பிறகு ஊர் வந்தது. பந்தல்காரன் நாற்காலிகளை இறக்கினான், மைக்செட்காரன் ஒப்பாரி கேசட்டைப் போட்டான், பெண்கள் தலைவாரி முடிந்தும் முடியாமலும் வந்து அண்ணாச்சியைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், ஆண்கள் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசினார்கள், அண்ணாச்சி எழுந்து போய் எல்லோருக்கும் மோர் கலக்கி எடுத்து வந்து கொடுத்தார், அவர்களும் வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி வரைக்கும் உபசாரத்துக்குக் குறை வைக்காத மனுஷன் என்று மறுபடியும் அழுதார்கள்.

எதிர்க்கடையில் டீ போடும் ஆவுடையப்பன் அவருக்குக் கூட்டாளி. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னவே, நேத்து நல்லாத்தானே இருந்தீரு?"

"இப்பவும் நல்லாத்தாம்வே இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றான் ஆவுடையப்பன். "கஷ்டப்படாமப் போனீரு. அது பெரிய பாக்கியம்."

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. இருந்தபோது ஒருத்தனும் சொல்லாத நல்ல வார்த்தைகளை எல்லாம் இப்போது முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. கெட்ட வார்த்தையும் கேட்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். "எடையில கை வைப்பாரு, ஆனா சிரிச்ச முகம்" என்றாள் ஒருத்தி, அவர் தோளில் சாய்ந்தே.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு டிக்கெட் போடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தும் எழுப்பிவிட்டான். "உசுரோட இருக்கவங்க நிக்காங்க அண்ணாச்சி." ரேஷன் கடையில் போனவர்களுக்குச் சீனி கிடையாது என்றார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும், வளராத முடிக்கு ஏன் வீண் அலைச்சல் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

சேவு போயிற்று. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் மெட்ராசுக்கும் மூட்டை மூட்டையாகப் போயிற்று. மறைவுத் தேதியைப் பார்த்தவர்கள் இப்போதுதானா என்று நெஞ்சில் கைவைத்தார்கள், கடைசி வார்த்தையைப் படித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பொட்டலமாக வாங்கினார்கள், வாங்கியவர்கள் தங்கள் அப்பாவைப் பற்றிக் கீழே எழுதினார்கள், அதைப் படிக்க வந்தவர்களும் வாங்கினார்கள். அண்ணாச்சி அப்படி ஒரு வார்த்தை ஆயுளில் சொன்னதில்லை. கடலை மாவில் பட்டாணி மாவைக் கலக்கச் சொல்லித் தினமும் சம்சாரத்தோடு மல்லுக்கு நின்றவர் அவர்தான். சேவின் ருசி வாயில் நிற்கும் என்ற பெயர் மிஞ்சியிருந்தது என்றால், அது அவர் தோற்ற நாட்களால்.

ஊர் பார்த்தது. ஊருக்குப் பொறாமையை விட வேகமான வாகனம் கிடையாது. மிக்சர் கடைக்காரன் தன் அப்பாவுக்கு மாலை போட்டான். அவர் கோயில் குளத்தில் முங்கி எழுந்தபோது அது கழுத்தில் இருந்தது. பாத்திரக் கடைக்காரன் சின்னையாவுக்குப் போட்டான். ஜவுளிக்கடையில் மாமியாருக்குப் போட்டார்கள், மருமகள்தான் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். சைக்கிள் கடைக்காரனுக்கு அப்பா ஏற்கனவே செத்துவிட்டபடியால் மாமனாரைக் கேட்டான், அவர் ராவோடு ராவாக ஊரைவிட்டு ஓடினார். அறுபது தாண்டியவர்கள் கல்யாண வீட்டில் கேமராவைக் கண்டால் முகத்தைத் துண்டால் மூடினார்கள். பேரன் செல்போனைத் தூக்கினால் தாத்தா தடியைத் தூக்கினார். பஸ் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் மாலை விழுந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, யார் வீட்டில் சந்தனம், யார் வீட்டில் வெறும் பிளாஸ்டிக் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"எம் மகன் ரோஜாவே போட்டுட்டான்," என்றார் மிக்சர் கடைப் பெரியவர். அதில் பெருமையும் இருந்தது. சவம், மனுஷனுக்கு எதில்தான் பெருமை இல்லை?

அப்புறம் ஜெபஸ்டினுக்கு இன்னொரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வராமல் இருந்திருந்தால் பாதி ஊர் நன்றாக இருந்திருக்கும்.

"பாக்கவன் எல்லாம் ஒண்ணுதாண்டே கேக்கான். அம்மா எப்படி இருக்காங்க? இப்ப யாரு சேவு போடுதா? பதினாறாம் நாள் வருதுல்ல. சடங்கை முழுசா பண்ணு. தாலி வாங்கினதும், வெள்ளைச் சேலையோட, பொட்டு இல்லாம, அடுப்பு முன்னாடி நிக்க வச்சு ஒரு படம். கணவர் விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறார்னு கீழே போடுவோம். பிச்சிக்கிட்டுப் போகும்."

இசக்கிராஜ் வீட்டில் வந்து சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"ஏலே, நான் இங்க உக்காந்து சோறு திங்கேன். உங்க அம்மைக்குத் தாலி அறுக்கப் போறியா?"

"ஒரு நாள் சடங்குதானேப்பா. ஊருக்கும் நாம பதில் சொல்லணும்லா. மாலையோட நீங்க, பொட்டோட அம்மா. பாக்கவன் என்ன நினைப்பான்?"

அண்ணாச்சி சம்சாரத்தைப் பார்த்தார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், அடுப்புச் சூட்டில் உருகி மூக்கு வரைக்கும் ஒரு கோடு இறங்கியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோட்டை அவர் பார்த்திருக்கிறார், இன்றைக்குத்தான் கவனித்தார். தான் செத்தது போனால் போகட்டும். அவள் நெற்றியில் கைவைக்க விடக்கூடாது.

மாடி ஏறினார். ஜெபஸ்டின் எழுந்து நின்று கும்பிட்டான், இறந்தவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தான். மாலையை எடு என்றார். "எடுத்தா, சேவுன்னு தேடுதவனுக்கு மொதப் பக்கத்துல இருந்து பத்தாம் பக்கத்துக்குப் போயிருவோம் அண்ணாச்சி. பத்தாம் பக்கத்துக்கு எவன் வருவான்? அதுக்குச் சுடுகாடே தேவலை." கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உயிரோடு இருப்பதாக ஒரு சான்று கேட்டார். அந்த ஆள் நல்லவர். மாலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு வந்து இதைக் கேக்கிறீங்களே ஐயா, எனக்கு மேலே ஒரு தாசில்தார் இருக்காரு," என்றார். ஆவுடையப்பனிடம் போனார். அவன் டீயைக் கொடுத்துவிட்டு, "விட்டுத்தள்ளும்வே. நாங்க அன்னைக்கு சாப்பாட்டுக்கு இலை சொல்லியாச்சு," என்றான்.

சடங்குக்கு முந்தின நாள் பின்கட்டுக்கு வந்தார். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நாளைக்கு நீ உக்காராத. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. நான் சமாளிச்சுக்கிடுதேன்."

"உக்காரப் போறேன்."

"என்ன சொல்லுத?"

"உக்காரப் போறேன்னு சொல்லுதேன்."

சல்லடையைத் தட்டினாள். மாவு பறந்து அவர் மாலையில் படிந்தது.

"நீங்க இருந்து இத்தனை வருசம் பாத்துட்டேன். பட்டாணி மாவு, பட்டாணி மாவுன்னு கழுத்தறுத்தீய. நல்லெண்ணெய்னு சொல்லிப் பாமாயிலை ஊத்தச் சொன்னீய. ஊத்தலன்னு கண்கரண்டியால அடிச்சீய. இந்தா, முழங்கையில தழும்பு இருக்கு. வெந்தவ நான். வந்தவன் எல்லாம் அண்ணாச்சி சேவு, அண்ணாச்சி சேவுன்னான். ஒரு நாள் ஒரு வாயி, இவ போட்டதுன்னு சொன்னீயளா? நீங்க இல்லாமயும் கொஞ்ச நாள் இருந்து பாக்கேன். எப்படித்தான் இருக்குன்னு."

"நான் இங்கதானே நிக்கேன்."

"நில்லுங்க. யாரு போகச் சொன்னா?"

அவர் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள், "வழியில நிக்காதிய," என்றாள்.

மறுநாள் பந்தலில் ஊர் கூடியது. பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்தது. அவளை மணையில் உட்கார வைத்து, வளையலை உடைக்க வயசான பெண்கள் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். இசக்கிராஜ் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், பக்கத்தில் ஜெபஸ்டின் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போகப் பார்த்தார். "போனவுக சடங்கைப் பாக்கக்கூடாது, ஆகாது," என்று மைத்துனர் அவரைத் தோளோடு அணைத்துப் பின்னால் தள்ளினார்.

அவள் யாரும் தொடுவதற்கு முன்பே தானே வளையலைக் கழற்றி மடியில் வைத்தாள். தாலியைத் தலை வழியாகக் கழற்றினாள். அவளுக்குத் தலையைத் தாண்டியது. எழுந்து, கூட்டம் விலக, நேரே அண்ணாச்சியிடம் நடந்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நீங்க கட்டுனது. நீங்களே வச்சுக்கிடுங்க."

பெண்கள் அழ வேண்டிய இடம். யாருக்கும் அழுகை வரவில்லை.

அவள் மகனிடம் திரும்பினாள். "சாவியை எடு."

"எந்தச் சாவிம்மா?"

"கடைச் சாவி. அவுக போயிட்டாவன்னு ஊருக்கெல்லாம் நீதானே சொன்ன? போன மனுசன் கடை பொண்டாட்டிக்கு. தரலன்னா நீ அடுப்புல நின்னு சேவு தேயி. சிங்கப்பூருக்கு அனுப்பு. உம் பல்லும் போகும், வாங்குனவன் பல்லும் போகும்."

இசக்கிராஜ் ஊரைப் பார்த்தான். ஊர் ஓரத்தில் இருந்த இலைக்கட்டைப் பார்த்தது. அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தான்.

"தம்பி ஜெபஸ்டினு, அந்தப் படத்தை எடு."

"எம்மா, ரேங்க் விழுந்திரும்—"

"விழட்டும். வீட்டுல பாத்த மூஞ்சி போதாதுன்னு அங்கயும் பாக்கணுமா? கடைசி வார்த்தைன்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கியே, அதையும் எடு. எம் பொழைப்புல பெரிய பொய்யி அது. சேவு படத்தைப் போடு, போன் நம்பரைப் போடு, எந்த எண்ணெய், எந்த மாவு, என்னைக்குப் போட்டதுன்னு உள்ளதைப் போடு. படத்தைக் கும்பிட்டு வாங்குனவன் ஒரு தடவைதான் வருவான். தின்னு பாத்தவன் மறுபடி வருவான். இப்பவே எடு. எடுத்தாத்தான் இலை விழும்."

சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. ஊர் ஜெபஸ்டினைப் பார்த்த பார்வையில் அவன் அங்கேயே, பந்தல் காலில் சாய்ந்து நின்று, செல்போனில் எடுத்தான்.

மாலை அறுந்து விழுந்தது. சத்தம் கூட இல்லை. வாசலில் நின்ற ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போயிற்று. அண்ணாச்சி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். உயிரோடு இருந்தார். ஊருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். "என்னவே இப்படிப் பண்ணிட்டீரு," என்றான் ஆவுடையப்பன், அழுத கண்ணீருக்கு யார் ஜவாப் என்கிற குரலில். ஆனாலும் சாப்பிட்டார்கள். பாயசம் நன்றாக இருந்தது.

அன்றே அண்ணாச்சி தாலியை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"செத்தவரு கட்டுனது," என்றாள் அவள்.

"நாந்தான் உசுரோட இருக்கேனே, ஏளா."

"இருங்க. நல்லா இருங்க. கழட்டினது கழட்டினதுதான்." குங்குமத்தைக் கைவிடவில்லை, அது தன் நெற்றி என்று சொல்லிவிட்டாள்.

ஜெபஸ்டின் சொன்னபடியே விழுந்தது. பத்தாம் பக்கத்துக்குப் போனார்கள். கொஞ்ச காலம் தேய்த்த சேவு டின்னிலேயே கிடந்தது, இசக்கிராஜ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான், அவள் தினமும் அளவைக் குறைத்தாளே தவிர மாவை மாற்றவில்லை. பிறகு தின்றவன் திரும்ப வந்தான். வந்தவன் நாலு பேரிடம் சொன்னான். மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது இறங்கவில்லை.

மற்ற வீடுகளில் யாரும் மாலையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மிக்சர் கடைப் பெரியவர் அந்தச் சிமெண்ட் பெஞ்சிலேயே ஒரு மத்தியானம் நிஜமாகவே போய்விட்டார். சாயங்காலம் வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை, தெரிந்த பிறகும் யாரும் வரவில்லை. அவருக்குத்தான் ஏற்கனவே துக்கம் கேட்டாயிற்றே.

அண்ணாச்சியைக் கல்லாவில் உட்கார அவள் விடவில்லை. பொட்டலம் கட்டவும் போன் எடுக்கவும் வைத்திருந்தாள். ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டாள்.

"உங்க சைட்ல முன்னாடி ஒரு பெரியவர் படம் இருக்கும். அழுதுகிட்டே வாங்கினேன். சொல்லக்கூடாது, இறந்தவர் பாவம், அப்ப வந்த சேவுல அவசரம் தெரிஞ்சுது. இப்ப சேவு சேவா இருக்கு. உள்ளதை உள்ளபடி போட்டிருக்கீங்க. யாருங்க இதையெல்லாம் சரி பண்ணினது?"

அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடி பின்கட்டைப் பார்த்தார். முதுகைக் காட்டி நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள், புகைக்குள் கை மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. என் சம்சாரம் என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்ல இனி அவருக்கு வழியில்லை. ஏளா என்று ஒரு வெளியூர்க்காரியிடம் சொல்ல முடியாது. இசக்கி அம்மா என்றாலும் அது பதில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை பார்த்த பெயரை நாக்கு துழாவித் துழாவிப் போய்த் தொட்டது.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றாள் சிங்கப்பூர்க்காரி.

"இருக்கேன்," என்றார். "சரி பண்ணினது முப்பிடாதி."